கடல் தின்னாத கட்டி

அழைப்பு மணியை அழுத்தினேன். அடிக்கவில்லை. இன்னொரு தடவை அழுத்தினேன். பொத்தான் உள்ளே போகவே மாட்டேன் என்றது. குனிந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பொத்தான், அது இருந்த பெட்டி, பெட்டிக்கு வரும் ஒயர், ஒயரைப் பிடித்திருந்த ஆணி, எல்லாவற்றின் மேலும் மொழுமொழுவென்று நீலப் பெயிண்ட். பெட்டியின் ஓரத்தில் நூல் பிடித்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு வேறு.

“மேடம், இந்த மணி பார்க்கறதுக்கு மட்டும்தான் போல.”

மேடம் கதவைத் தட்டினார்.

மேடம் என்றால் துப்பறியும் மேடம். டயர் கடைக்கு மேலே மாடியில் அலுவலகம். காணாமல் போன நகை, காணாமல் போன கணவன், கிடைத்துவிட்ட கணவனைத் திருப்பி அனுப்ப வழி, எதற்காகவும் வரலாம். நான் அவருடைய உதவியாளன். என் வாய் ஓயாது என்பதால் எனக்கு ‘சைலன்சர்’ என்று அவர்தான் பெயர் வைத்தார். இப்போது என்னைப் பெற்ற தாயே அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

கதவைத் திறந்த அம்மாளின் முழங்கையில் நீலப் பெயிண்ட் இருந்தது. ஊருக்கே தெரிந்த படகுக்காரரின் மனைவி. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஜனங்களை ஏற்றிப்போகும் படகு அவர் கணவருடையது. அவரை எல்லாரும் ‘கேப்டன்’ என்பார்கள். தலையில் எப்போதும் ஒரு வெள்ளைத் தொப்பி இருப்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது.

வீட்டுக்குள் நுழைந்ததும் நான் அசந்துபோனேன். ஜன்னல் கம்பி நீலம். அலமாரி நீலம். வாளி நீலம். தண்ணீர்க் குழாய் நீலம், அதன் திருகும் நீலம். அதைத் திறக்க இனி கடப்பாரைதான் வேண்டும். எல்லாவற்றுக்கும் ஓரம் கட்டினாற்போல வெள்ளைக் கோடு. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கடலுக்கு இத்தனை பக்கத்தில், உப்புக்காற்று முகத்தில் அறையும் வீட்டில், ஒரு பொட்டுத் துரு கிடையாது. வாசலில் நின்ற என் ஸ்கூட்டரை அந்த அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, நோயாளியைப் பார்ப்பது போல உச்சுக் கொட்டினார். கால் வைக்கும் தகடு துருப்பிடித்து ஓட்டையாகி, பிரேக் பிடிக்காத நாட்களில் நான் செருப்பாலேயே நிறுத்துகிற வண்டி அது.

மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த வேகத்திலேயே ஒரு குளிர்ச்சி பரவியது. பெயிண்ட் காயவில்லை.

“ஐயோ, அது காலையிலதான் அடிச்சேன்பா,” என்றார் அந்த அம்மாள். அதற்கு மேல் என் பேண்ட்டைப் பற்றிக் கவலைப்பட அவருக்கு நேரமில்லை. கண் கலங்கி விஷயத்துக்கு வந்துவிட்டார்.

வருஷா வருஷம் படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள். இந்த வருஷம் ஏற்றிப் பார்த்தால், பின்பக்கத்து அடித்தகடு முழுக்கப் பள்ளம் பள்ளமாக அரித்துக் கிடக்கிறது. யாரோ ஆசிட் ஊற்றிக் கெடுத்துவிட்டார்கள் என்கிறார் கேப்டன். யாரோ என்ன யாரோ, அந்த அம்மாளின் சொந்தத் தம்பிதான் என்கிறார். அந்தத் தம்பி அதே படகில் மெக்கானிக்காக இருந்தவன். சில மாதங்களுக்கு முன்னால் கேப்டன் அவனை எல்லார் முன்னாலும் கையைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறார். அந்தக் கோபத்தில் செய்துவிட்டானாம். இன்று பொழுது சாயக் கடல் ஏறியதும் படகைத் தண்ணீரில் இறக்கிவிட்டு, நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் மச்சினன் மேல் புகார் கொடுக்கப்போகிறார். அது வரைக்கும்தான் மனைவிக்குத் தவணை.

“எனக்கு இருக்கிறது ஒரு புருஷன், ஒரு தம்பி,” என்றார் அந்த அம்மாள். “ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தரைத்தான் வெச்சுக்கணும்னா நான் எங்க போவேன்? அவன் செஞ்சிருந்தா அது எனக்குத் தெரியணும். செய்யலைன்னா அது இவருக்குத் தெரியணும்.”

வழக்கமாக இந்த இடத்தில் நான் ஏதாவது கடி ஜோக் அடித்து மேடமிடம் முறைப்பு வாங்குவேன். அன்று எழுந்து ஸ்கூட்டர் சாவியைத் தேடினேன்.

படகு பழுது பார்க்கும் யார்டு கடற்கரை ஓரத்தில் இருந்தது. தண்டவாளத்தின் மேல் இழுத்து நிறுத்தியிருந்த படகு, தண்ணீரில் இருக்கும்போது தெரிவதைவிட இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிந்தது. அதன் நிழலில் தொப்பியும் மீசையுமாகக் கேப்டன் உலாத்திக்கொண்டிருந்தார். ஸ்டேஷனுக்குப் போவதற்கென்றே சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார். அக்கரைக்குப் போய்த் திரும்புவதை அவர் ‘கடல் பயணம்’ என்றுதான் சொல்வார். அக்கரையில் நிற்கிறவன் தும்மினால் இக்கரையில் கேட்கும் என்பதை யாரும் அவரிடம் எடுத்துச் சொன்னதில்லை.

“எங்க வீட்டுல அனுப்பினாங்களா? வாங்க, வந்து கண்ணால பாருங்க. பாத்துட்டு நீங்களே என்கூட ஸ்டேஷனுக்கு வருவீங்க,” என்றார்.

பார்த்தோம். புரொப்பெல்லருக்குச் சுற்றுப்பட்ட இரும்புத் தகடெல்லாம் கட்டைவிரல் புதையும் பள்ளங்கள். சில இடங்களில் ஒட்டுத் தகடு வைத்து வெல்டிங் செய்திருந்தார்கள். அதற்கு நடுவே வெண்கலப் புரொப்பெல்லர் மட்டும் ஒரு கீறல் இல்லாமல், மாப்பிள்ளை மாதிரி மினுமினுத்தது.

கேப்டனிடம் இரண்டு சாட்சியங்கள் இருந்தன. இரண்டையும் கோர்ட்டில் சொல்வது போலக் குரலை உயர்த்திச் சொன்னார். ஒருநாள் காலை கடல் வற்றியிருந்த நேரம், படகின் பின்பக்கம் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, மச்சினன் கையில் பிளேடோடு அடியில் எதையோ சுரண்டிக்கொண்டிருந்தான். கையும் களவுமாகப் பிடித்துக் கேட்டபோது பதில் இல்லை. அன்றைக்குத்தான் வேலையை விட்டுத் துரத்தினார். அது முதலாவது. இரண்டாவது, துரத்தப்பட்டவன் போனவுடனே அக்காவிடம், இந்த வருஷம் படகைச் சீக்கிரமே கரையேற்றச் சொல்லு என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். அந்த அம்மாளும் கேப்டனை நச்சரித்து ஏற்ற வைத்துவிட்டார்.

“அடியில ஓட்டை விழப்போகுதுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? விஷம் வெச்சவனுக்குத்தானே எப்ப வயித்தை வலிக்கும்னு தெரியும்? யாரா இருந்தாலும் சரி மேடம். என் படகைக் கெடுத்தவன் என் வீட்டு ஆளாவே இருந்தாலும் ஸ்டேஷன்ல நிக்க வைக்காம விடமாட்டேன்.”

அவர் பேசிய வேகத்தில் எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது. யார்டில் கொடுத்த டீ டம்ளரை மேடம் என் கையிலிருந்து பிடுங்கி, ஒரு வாய்கூடக் குடிக்காத டீயைப் படகின் பக்கவாட்டில் ஊற்றினார். டீ தகட்டில் கோடாக வழிந்து மண்ணில் சொட்டியது.

“மேடம், அது என் டீ,” என்றேன்.

“ஊத்தினா கீழதானே வழியுது? இப்ப இங்க வந்து பாருங்க கேப்டன்.”

குனிந்து படகின் அடிவயிற்றைக் காட்டினார். அண்ணாந்து பார்க்க வேண்டிய இடத்தில், தலைகீழாக, அத்தனை பள்ளங்கள். ஊற்றுகிற ஆசிட் மேல்நோக்கி ஏறாது. அடியிலிருந்து மேலே வீசி அடித்திருந்தால் அடித்தவன் முகம்தான் முதலில் வெந்திருக்கும். கேப்டன் அசரவில்லை, துணியில் நனைத்துத் தேய்த்திருப்பான் என்றார். தண்ணீருக்குள் நிற்கும் படகில், கடலுக்குள்ளே வைத்து ஆசிட் தேய்த்தால் அதில் பாதிக்கு மேல் கடலே குடித்துவிடாதா என்று நான் கேட்டேன். கேப்டன் என்னைப் பார்க்காமல் என் பேண்ட்டின் பின்பக்கத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

“சரி, ஆசிட் இல்லைன்னே வெச்சுக்குவோம். அப்ப பிளேடு எதுக்கு? அதுக்குப் பதில் சொல்லுங்க.”

 அந்தப் பிளேடைத் துரத்துவதுதான் அன்றைய வேலை என்று ஆகிவிட்டது.

சுரண்டிய இடம் எது என்று மேடம் கேட்டார். கேப்டன் இடதுபக்கம் கூட்டிப்போனார். அடித்தகட்டில் இரண்டு பக்கமும் அரைச்செங்கல் அளவுக் கட்டிகள் போல்ட் போட்டு முடுக்கியிருந்தன. அவர் காட்டிய கட்டி சாம்பல் நிறத்தில் கரடுமுரடாக, கரையான் தின்ற கட்டை மாதிரிப் பாதியாகிக் கிடந்தது.

“பாத்தீங்களா? பிளேடை வெச்சு இதைக்கூட விட்டு வைக்கல. படகோட பேலன்ஸுக்கு வெச்ச கட்டி இது.”

“பேலன்ஸுக்கா? யார் சொன்னது?”

“யாரும் சொல்லல. வேற எதுக்கு வெப்பாங்க?”

மேடம் மற்றக் கட்டிகளைப் பார்த்தார். அவையெல்லாம் பாசி படிந்த நீலப் பெயிண்டுக்குள் கொழுகொழுவென்று, நேற்று கடையிலிருந்து வாங்கியது போல இருந்தன. ஒரு கட்டியின் ஓரத்தைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தார். உற்றுப் பார்த்தார். நான் எட்டிப் பார்ப்பதற்குள் எழுந்து நின்று மறைத்துக்கொண்டார். அவர் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. இந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். விடை அவருக்குக் கிடைத்துவிட்டது, எனக்குச் சொல்லப்போவதில்லை என்று அர்த்தம்.

“சைலன்சர், தேஞ்ச கட்டியைச் சுத்தி என்ன இருக்கு, தேயாத கட்டியைச் சுத்தி என்ன இருக்கு, பாத்துச் சொல்லு.”

சேற்றில் மண்டி போட்டுப் பார்த்தேன். பாதியாகிப்போன கட்டியைச் சுற்றியிருந்த இரும்புத் தகடு நல்ல கெட்டியாக இருந்தது. கொழுத்த கட்டிகளைச் சுற்றித்தான் பள்ளங்கள் எல்லாம். சொன்னேன். எதையோ நாசம் செய்ய வந்தவன் கை வைத்த இடம் மட்டும் ஏன் நன்றாக இருக்கிறது என்று மேடம் கேட்டார். அவனுக்குத் தொழில் சரியாகத் தெரியவில்லை போல என்றேன். முறைப்பு கிடைத்தது.

படகின் மறுபக்கம் பெயிண்டர் இருந்தார். பல வருஷமாக இந்தப் படகுக்கு வர்ணம் பூசுகிறவர். பேச்சுக் கொடுத்ததில் ஒரு விஷயம் வந்தது. அந்தக் கட்டிகளின் மேல் பெயிண்ட் படக்கூடாது என்று, அவருக்கு முன்னால் இந்த வேலை பார்த்தவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஏன் என்று இவர் கேட்டதில்லை. ஒவ்வொரு வருஷமும் கட்டிகளைப் பழைய பேப்பரால் மூடி, டேப் ஒட்டிவிட்டுத்தான் ஸ்ப்ரே அடிப்பார். போன வருஷமும் அப்படித்தான் செய்தார். சாப்பிடப் போய்விட்டு வந்து பார்த்தால் பேப்பரைக் கிழித்து எறிந்துவிட்டு யாரோ கட்டிகளின் மேல் பெயிண்ட் பூசியிருந்தார்கள். கேப்டன்தான் சொல்லியிருப்பார் என்று இவர் வாயைத் திறக்கவில்லை. கேப்டனோ பெயிண்டர்தான் பூசினார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளாததில் ஒரு வருஷம் ஓடிவிட்டது.

“யாரோன்னா யாரு? ஆளைப் பாத்தீங்களா?” என்று கேட்டேன்.

“என் டப்பாவும் பிரஷ்ஷும்தான் கிடந்துச்சு. ஆனா ஒண்ணு. பிரஷ்ஷைக் கழுவி, துடைச்சு, தலைகீழா நிக்க வெச்சுட்டுப் போயிருந்தாங்க. எந்தப் பயலும் என் பிரஷ்ஷை அப்படி வெச்சதில்ல.”

மெக்கானிக்கை ஒரு எஞ்சின் பட்டறையில் பிடித்தோம். புதிதாகச் சேர்ந்த வேலை. ஒரு டீசல் எஞ்சினுக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். வெளியே கால்கள் மட்டும் தெரிந்தன. பட்டறை முதலாளி நல்ல மனுஷர்தான். ஆனால் போலீஸ், கேஸ் என்று ஏதாவது வந்தால் ஆளை வைத்துக்கொள்ள முடியாது என்று முன்கூட்டியே எங்கள் காதில் போட்டுவிட்டார். அது அவனுக்கும் தெரிந்திருந்தது.

வெளியே வந்தவன் எங்களை உட்கார வைத்தான். நான் மட்டும் உட்காரவில்லை. எத்தனை கேட்டும் அவன் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. மாமா என்ன நினைக்கிறாரோ அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்றான். ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால் வருகிறேன் என்றான். எனக்கு எரிச்சல் வந்தது. தன் கழுத்தைத் தானே நீட்டுகிறவனை எந்தத் துப்பறியும் ஆளால் காப்பாற்ற முடியும்?

“எங்களை அனுப்பினது உங்க அக்கா,” என்றார் மேடம்.

அவன் சிரித்துவிட்டான். அடக்க முடியாமல், எண்ணெய்த் துணியால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தான். துணியை எடுத்தபோது முகமெல்லாம் கறுப்பு மை, கண்ணில் மட்டும் தண்ணீர்.

“அக்காவா? அக்காவேவா உங்களைக் கூட்டிட்டு வந்தா?”

அப்புறம் அவனாகவே ஒன்று கேட்டான்: படகை எப்போது இறக்குகிறார்கள்? சாயங்காலம் என்று நான் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. கட்டிகளை மாற்றினார்களா என்று கேட்டான். இல்லை என்றேன். எழுந்து நின்றுவிட்டான்.

“மேடம், என் மேல கேஸ் போடட்டும், என்ன வேணா செய்யட்டும். அந்தக் கட்டியோட மட்டும் படகை இறக்கக் கூடாது. அது ஜிங்க், துத்தநாகம். உப்புத்தண்ணியில வெண்கலமும் இரும்பும் ஒண்ணா கிடந்தா இரும்பு அரிச்சுப்போகும். கூடவே ஜிங்க் இருந்தா அது முன்னால நின்னு தான் அரிச்சுப்போகும், இரும்பு தப்பிச்சுக்கும். கரையறதுக்குன்னே வெக்கறது அது. நீங்களே கண்டுபிடிச்ச மாதிரி சொல்லி மாத்த வைங்க. என் பேரு வேண்டாம்.”

“அது மேல பெயிண்ட் பூசிட்டா?”

“தண்ணி தொடாது. அது சும்மா உக்காந்திருக்கும். இரும்பு அடி வாங்கும்.”

“பூசினது யாரு?”

அவன் எங்களைப் பார்த்தான். எஞ்சினைப் பார்த்தான். மல்லாந்து படுத்து உள்ளே போய்விட்டான். மறுபடியும் இரண்டு கால்கள்தான். கால்களிடம் எத்தனை நேரம் கேள்வி கேட்பது?

திரும்பும் வழியில் ஸ்கூட்டரின் சத்தத்துக்கு மேல் நான் கத்திக்கொண்டே வந்தேன். அவன் சுரண்டியது கட்டியை இல்லை, கட்டியின் மேலிருந்த பெயிண்டைத்தான் என்பது வரைக்கும் எனக்கே விளங்கிவிட்டது. ஒரு கட்டியை முடித்து அடுத்ததுக்குப் போகும் முன்னால் கேப்டன் பிடித்துவிட்டார். அதனால்தான் அந்தக் கட்டி மட்டும் கரைந்து, அதைச் சுற்றிய இரும்பு தப்பியது. சீக்கிரம் கரையேற்றச் சொன்னதும் அதற்காகத்தான். இத்தனை நல்லது செய்தவன் ஏன் வாயைத் திறக்கவில்லை?

“யாரையோ காப்பாத்தறான் மேடம். பெயிண்டர் ஏதாவது அவனுக்குச் சொந்தமா?”

“வேலையும் பேரும் போனாலும் பரவாயில்லைன்னு ஒருத்தன் வாயை மூடிட்டு இருக்கான்னா அது பெயிண்டருக்காகவா இருக்கும்? நீ வண்டியைப் பாத்து ஓட்டு. பின்பக்கத்தை மட்டும் எதிலயும் தேய்ச்சு அழிச்சுடாதே.”

“எது பின்பக்கம், வண்டிக்கா?”

“உனக்கு.”

நாங்கள் யார்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் தணிந்துவிட்டது. தண்டவாளத்தின் கீழ்நுனியைக் கடல் தொட்டுக்கொண்டிருந்தது. ஆட்கள் கயிறை அவிழ்க்கத் தயாராக நின்றார்கள். கேப்டனுக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுவந்த சாக்கில் அந்த அம்மாளும் வந்து, எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“யாருன்னு தெரிஞ்சுதா?” என்றார் கேப்டன்.

“தெரிஞ்சுது. கொஞ்சம் மண்ணெண்ணெய் வேணும், ஒரு துணியும்.”

மேடம் கொழுத்த கட்டி ஒன்றை நன்றாகத் துடைத்தார். பாசி போய் நீலம் பளிச்சென்று வந்தது. நீலத்தின் ஓரத்தில், நூல் பிடித்த மாதிரி, ஒரு வெள்ளைக் கோடு. யாரும் பார்க்காத படகின் அடியில், மீன்கள் மட்டுமே நீந்திப்போகும் இடத்தில், அவ்வளவு நேர்த்தியாக ஓரம் கட்டியிருந்தது.

“சைலன்சர், இது பக்கத்துல திரும்பி நில்லு.”

“மேடம், இத்தனை பேர் முன்னாலயா?”

“நில்லு.”

திரும்பி நின்றேன். என் பேண்ட்டின் பின்பக்கத்தில் அதே நீலம், அதே வெள்ளைக் கோடு. கயிறு பிடித்திருந்தவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஒரு துப்பறியும் நிபுணனின் வாழ்க்கையில் அவனே தடயமாகி நிற்கும் நாள் வரும் என்று நான் எதிர்பார்த்ததில்லை. கேப்டன் கட்டியைப் பார்த்தார். என் பின்பக்கத்தைப் பார்த்தார். மறுபடி கட்டியைப் பார்த்தார்.

“இது எங்க வீட்டு ஸ்டூலாச்சே,” என்றார்.

பிறகு மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

“ஆமா, நான்தான் அடிச்சேன்,” என்றார் அந்த அம்மாள். குரலில் ஒரு குற்ற உணர்ச்சியும் இல்லை, பெருமைதான் இருந்தது. “போன வருஷம் சாப்பாடு கொண்டு வந்தப்ப பாத்தேன். இவ்ளோ அழகா படகுக்கு வர்ணம் அடிச்சுட்டு, இதுக்கு மட்டும் பேப்பரை ஒட்டி மறைச்சிருந்தாங்க. சோம்பேறித்தனம். பரு பருவா அசிங்கமா இருந்துச்சு. பேப்பரைக் கிழிச்சுட்டு நானே அடிச்சேன். வெள்ளையைக்கூட வீட்டுல இருந்து எடுத்துட்டு வந்தேன். ஏன், நல்லா இல்லையா?”

பெயிண்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். மேடம் அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எல்லாவற்றையும் சொன்னார். பெயிண்ட் தப்பில்லை. குழாய்க்கும் ஜன்னல் கம்பிக்கும் அதுதான் காவல். உங்கள் வீட்டில் துரு இல்லாததற்கே அதுதான் காரணம். ஆனால் இந்தக் கட்டி கடலிடம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காப்பாற்ற வைத்தது. அதன் வாயைக் கட்டியதும் கடல் இரும்பைத் தின்றுவிட்டது.

அந்த அம்மாள் தண்டவாளத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். புரிந்துகொள்ள அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

“என் தம்பிக்கு இது தெரியுமா?”

“புரொப்பெல்லர்ல சிக்கின கயிறை எடுக்கவோ எதுக்கோ ஒருநாள் அடியில போயிருப்பார். உங்க கோடு அவருக்குத் தெரியாதா? அதான் சத்தமில்லாம சுரண்டப் போனார். பிடிபட்டப்ப உங்க பேரைச் சொல்லல.”

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நான் அழுகிற ரகம் இல்லை. அன்று உப்புக்காற்று அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேடம் கேப்டன் பக்கம் திரும்பினார்.

“வீட்டு ஆளாவே இருந்தாலும் விடமாட்டேன்னு சொன்னீங்க. ஸ்டேஷனுக்குப் போகலாமா?”

கேப்டன் தொப்பியைக் கழற்றினார். அதற்குள்ளே எதையோ தேடினார். முன்னாலும் பின்னாலும் பார்த்தார்.

“கடல்னா…” என்று இழுத்தார். “கடல்னா இரும்பு தேயத்தானே மேடம் செய்யும். அதுக்குப் போய் ஸ்டேஷன் அது இதுன்னு… யாரு சொன்னது அப்படி?”

கயிறு பிடித்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. எழுந்து கணவர் எதிரில் போய் நின்றார்.

“அன்னிக்கு அவனை இதே மாதிரி எல்லார் முன்னாலயும் கையைப் பிடிச்சுத் தள்ளினீங்க. தப்பு செஞ்சவ நான் இங்கதான் நிக்கறேன். தள்ளுங்க.”

சிரிப்பு நின்றுவிட்டது. கேப்டனின் மீசை ஒருமாதிரி துடித்தது.  அந்த அம்மாள் பெயிண்டரின் கையிலிருந்த பிளேடை வாங்கிக்கொண்டு, சேலையைச் சொருகி, படகுக்கு அடியில் நுழைந்துவிட்டார். கறக் கறக் என்று சுரண்டும் சத்தம் கேட்டது.

கேப்டன் தொப்பியைத் தலையில் மாட்டினார். அப்புறம் போனை எடுத்தார். அவருக்கு ஸ்பீக்கரில்தான் பேசத் தெரியும் என்பதால் யார்டு முழுக்கக் கேட்டது.

“மாப்ளே.” தொண்டையைச் செருமினார். “இந்த ஜிங்க்… அது எங்க கிடைக்கும்?”

அந்தப் பக்கம் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

“மேல இருக்கிற பெயிண்டை எடுத்தீங்களா மாமா?”

“உங்க அக்கா எடுத்துட்டு இருக்கா. அடியில உக்காந்து.”

“அவளை வெளிய வரச் சொல்லுங்க. அவளுக்கு முழங்கால் ஆகாது. நான் வரேன்.”

கயிறைக் கட்டச் சொல்லிவிட்டு எல்லாரும் காத்திருந்தோம். கடல் வந்து ஏறிவிட்டு இறங்கவும் ஆரம்பித்தது. இனி அடுத்த ஏற்றத்துக்குத்தான் படகு இறங்கும். மெக்கானிக் ஒரு சாக்குப் பையோடு வந்தான். பையைக் கவிழ்த்தான். புத்தம் புதுக் கட்டிகள், சாம்பல் நிறத்தில், தடதடவென்று மண்ணில் விழுந்தன.

“இதை எப்ப வாங்கினே?” என்றார் கேப்டன்.

“படகைச் சீக்கிரம் ஏத்தச் சொன்னேனே மாமா. அப்பவே.”

கேப்டன் குனிந்து ஒரு கட்டியைக் கையில் எடுத்தார். ஸ்டேஷனுக்காக இஸ்திரி போட்ட சட்டையோடு சேற்றில் மண்டி போட்டு, மச்சினன் கை நீட்டியபோதெல்லாம் சரியான ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார். தப்பான ஸ்பேனரைக் கொடுத்தபோது திட்டும் வாங்கிக்கொண்டார். நான் அன்றைக்குப் பார்த்ததிலேயே நல்ல காட்சி அதுதான்.

கடைசிக் கட்டியையும் முடுக்கிவிட்டு அவன் வெளியே வந்தபோது அக்கா அவன் முகத்தில் இருந்த எண்ணெய் மையைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். துடைக்கத் துடைக்க அது பரவத்தான் செய்தது.   அக்கா குனிந்து, படகின் அடியில் மொட்டையாக, ஓரக்கோடு இல்லாமல் நின்ற கட்டியை ஒருதடவை பார்த்தார். கை பரபரத்ததை நான் கவனித்தேன். அதை முந்தானைக்குள் பிடித்து அடக்கிக்கொண்டார்.

“இனிமே எனக்காக நீ அடி வாங்காதடா,” என்றார். “அடி வாங்கறதுக்குத்தான் இந்தக் கட்டியை வெச்சிருக்கே இல்ல?”